வலை வழங்கிகளின் நெரிசல் கட்டுப்பாட்டுச் சோதனை

வலை வழங்கிகளின் நெரிசல் கட்டுப்பாட்டுச் சோதனை என்பது, இணையத்தில் இயங்கும் ஒரு வலை வழங்கி தரவுப் பொதிகளை எந்த விதிப்படி, எவ்வளவு வேகத்தில் அனுப்புகிறது என்பதை வெளியிலிருந்தே கண்டறியும் அளவீட்டு முறை ஆகும். வழங்கியின் உள்ளே புகாமலும் அதன் மூல நிரலைப் பார்க்காமலும், ஓர் உலாவி கேட்பது போலவே ஒரு பக்கம் கேட்கப்படுகிறது. வந்து சேரும் பொதிகளின் எண்ணிக்கை, வரிசை, நேரம் ஆகியவற்றைக் கொண்டு வழங்கியின் நடத்தை ஊகிக்கப்படுகிறது. இத்துறையின் முன்னோடிக் கருவி டிபிட் ஆகும். இதனை அமெரிக்காவின் பெர்க்கிலியில் உள்ள பன்னாட்டுக் கணினி அறிவியல் நிறுவனத்தில் ஜிதேந்திர பாத்யே, சாலி ஃபிளாய்டு ஆகியோர் உருவாக்கினர். இதைப் பற்றிய அவர்களது ஆய்வுக் கட்டுரை 2001இல் சிக்காம் மாநாட்டில் வெளியானது.

பின்னணி

இணையத்தின் பெரும்பகுதித் தரவு நீண்ட காலமாகப் பரிமாற்றக் கட்டுப்பாட்டு நெறிமுறை (டிசிபி) வழியாகவே செல்கிறது. இந்நெறிமுறையில், எவ்வளவு விரைவாக அனுப்புவது என்பதை முடிவு செய்வது அனுப்பும் கணினியே ஆகும். இடையில் உள்ள திசைவிகள் பொதிகளை முன்னே தள்ளுகின்றன. தாங்க முடியாதபோது கைவிடுகின்றன. ஒரு பொதி தொலைந்தால் பாதை நிரம்பிவிட்டது என்று அனுப்புநர் எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அவ்வாறு குறைக்காத கணினியைத் தண்டிக்கும் காவலர் எவரும் வலையமைப்பில் இல்லை.

இந்த ஏற்பாடு தோன்றியதற்கு ஒரு விபத்தே காரணம். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்துக்கும் இடையே, ஏறத்தாழ 400 கெசத் தொலைவில் இருந்த இணைப்பின் வேகம், நொடிக்கு 32 ஆயிரம் பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. தொலைந்த பொதிகளைக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்பியதால் நெரிசல் மேலும் பெருகியது. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் முன்வைத்த வழிமுறைகளே இன்றைய நெரிசல் கட்டுப்பாட்டின் அடிப்படை ஆகும். மெதுவாகத் தொடங்கி, இழப்பு இல்லாதவரை படிப்படியாகக் கூட்டி, இழப்பு நேர்ந்தவுடன் வேகத்தை வெட்டுவது அதன் சாரம். ஒப்புகை வராமல் ஒரே நேரத்தில் பாதையில் விட்டுவைக்கத்தக்க பொதிகளின் அளவு நெரிசல் சாளரம் எனப்படும்.

விதிகள் ஆர்.எஃப்.சி ஆவணங்களாக எழுதப்படுகின்றன. ஆனால் வழங்கியில் ஓடுவது ஆவணம் அன்று, இயங்குதளத்தை எழுதியவர் அந்த ஆவணத்தைப் புரிந்துகொண்ட விதம். இடையில் பிழைகள் நுழையலாம். வேண்டுமென்றே விதியை மீறவும் செய்யலாம். தன் வழங்கி மட்டும் வேகமாகத் தெரிய வேண்டும் என்று விரும்பும் ஒருவருக்குச் சாளரத்தைக் குறைக்காமல் இருப்பது எளிய குறுக்குவழி. சோதனையின் தேவை இங்குதான் எழுகிறது.

தொடக்கச் சாளரம்: ஒரு கணக்கு

வழங்கியின் ஒரு சிறிய அமைப்பு பயனருக்கு எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதைச் சென்னைக்கு மேற்கே உள்ள திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்திலிருந்து சிங்கப்பூரில் உள்ள ஒரு வழங்கியை அணுகுவதாகக் கொண்டு விளக்கலாம். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடி வடம் 2002இல் செயல்படத் தொடங்கியது. அதன் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்வதால் ஒரு வழிக்கு 16 மில்லிநொடியும், போய்வர 32 மில்லிநொடியும் ஆகும். இதை எந்த மென்பொருளாலும் குறைக்க இயலாது. தரைவழித் தொலைவையும் திசைவிகளில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் உண்மையான நேரம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

60 ஆயிரம் பைட்டு அளவுள்ள ஒரு பக்கம், பொதிக்கு 1,460 பைட்டு வீதம் 42 பொதிகள் ஆகும். 1999இல் வெளியான ஆர்.எஃப்.சி 2581 தொடக்கத்தில் 2 பொதிகளை மட்டுமே அனுமதித்தது. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பானால் 2, 4, 8, 16, 32 என்று 5 சுற்றுகள் தேவை. 2013இல் வெளியான ஆர்.எஃப்.சி 6928 தொடக்கச் சாளரத்தை 10 பொதிகளாக உயர்த்தியது. அப்போது 10, 20, 40 என்று 3 சுற்றுகளில் முடியும். அதாவது 160 மில்லிநொடி 96 ஆகக் குறைகிறது. இது இழப்பே இல்லாத கணக்கு. லினக்சு கருநிரல் இந்த 10ஐ ஆவணம் வெளிவருவதற்கு முன்பே, 2011இல் வந்த 2.6.39 பதிப்பில் ஏற்றுக்கொண்டது. நடைமுறை முந்திக்கொள்ள ஆவணம் பின்னே வந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒரு வழங்கியின் தொடக்கச் சாளரத்தை அறிவது எளிது. இணைப்பை ஏற்படுத்திப் பக்கத்தைக் கேட்டுவிட்டு, அதன்பின் ஒப்புகை எதுவும் அனுப்பாமல் இருந்தால் போதும். வழங்கி தன் தொடக்கச் சாளரம் முழுவதையும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். பதில் வராததால் முதல் பொதியை மறுபடி அனுப்பும். அதுவரை வந்த பொதிகளை எண்ணினால் விடை கிடைத்துவிடும்.

டிபிட் செயல்படும் விதம்

வழக்கமாக டிசிபியை இயங்குதளமே கவனித்துக்கொள்கிறது. டிபிட் அதனை ஒதுக்கிவிட்டுப் பொதிகளைத் தானே ஆக்கி அனுப்புகிறது. வந்த பொதிகளை இயங்குதளம் பார்த்துக் குறுக்கிடாதபடி சோதனைக் கணினியின் தீயரண் தடுத்துவிடும். இவ்வாறு, வந்த பொதியை வராததுபோல் நடிக்கும் வசதி சோதனையாளருக்குக் கிடைக்கிறது.

இவற்றுள் அழகானது நெரிசல் கட்டுப்பாட்டின் வகையைக் கண்டறியும் சோதனை. பக்கம் சிறிதாக இருந்தாலும் போதிய எண்ணிக்கையில் பொதிகள் வரவேண்டும் என்பதற்காக, மிகச் சிறிய பொதிகளாக அனுப்புமாறு டிபிட் கேட்கிறது. ஒரே நேரத்தில் 5 பொதிகளுக்கு மேல் ஏற்க இயலாது என்றும் அறிவிக்கிறது. 12ஆம் பொதிவரை ஒழுங்காக ஒப்புகை செல்கிறது. 13ஆம் பொதி தொலைந்துவிட்டதாக டிபிட் பாவனை செய்கிறது. 14, 15 வந்ததும் "12 வரைதான் கிடைத்தது" என்ற பொருளில் அதே ஒப்புகையைத் திரும்ப அனுப்புகிறது. 16ஆம் பொதியையும் தொலைத்துவிடுகிறது. 17 வந்ததும் மூன்றாவது முறையாக அதே ஒப்புகை செல்கிறது. மூன்று இரட்டை ஒப்புகைகள் வந்தால் நேரம் கடக்கும்வரை காத்திராமல் தொலைந்த பொதியை உடனே அனுப்ப வேண்டும் என்பது விதி. இது விரைவு மறுஅனுப்புகை எனப்படும்.

இதன்பின் வழங்கி என்ன செய்கிறது என்பதே அதன் அடையாளம். 13ஐ உடனே அனுப்பி, 16ஐயும் காத்திராமல் அனுப்பி, 17ஐ வீணாக மறுபடி அனுப்பாவிட்டால் அது நியூரீனோ. 13ஐ உடனே அனுப்பிவிட்டு 16க்காக நேரம் கடக்கும்வரை நின்றுவிட்டால் ரீனோ. ஏற்கெனவே வந்து சேர்ந்த 17ஐயும் தேவையின்றி அனுப்பினால் தாஹோ. 13க்கே நேரம் கடக்கும்வரை காத்திருந்தால் அந்த வழங்கியில் விரைவு மறுஅனுப்புகையே இல்லை. ஒரே ஒரு சிறு உரையாடலில், இரண்டு பொதிகளை மறைத்து, நான்கு பரம்பரைகளைப் பிரித்தறியும் இந்த உத்தி இன்றும் வகுப்பறையில் விளக்கத் தக்கது.

வேகக் குறைப்பு உண்மையில் நிகழ்கிறதா என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. சாளரத்தை 8 பொதிகள் வரை வளரவிட்டு ஒன்றைத் தொலைத்து, பின்னர் அது பாதியாகக் குறைகிறதா என்று பார்க்கப்படுகிறது.

கண்டறியப்பட்டவை

2000–2001 காலத்துச் சோதனைகளில் பெரும்பாலான வழங்கிகள் ஒன்று அல்லது இரண்டு பொதிகளுடன் தொடங்கின. நியூரீனோ வகையே மிகுந்திருந்தது. அக்காலத்து ஆய்வாளர் பலர் தம் ஒப்புருவாக்கங்களில் ரீனோவையே பயன்படுத்தி வந்தமையால் இது முக்கியமான செய்தி ஆயிற்று. விரைவு மறுஅனுப்புகை இல்லாத வழங்கிகளும் கணிசமாக இருந்தன. இவற்றின் உரிமையாளருக்கே அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பக்கம் வந்துகொண்டுதான் இருக்கும், சற்று மெதுவாக.

தேர்வு ஒப்புகை என்னும் வசதியைப் பற்றிய முடிவு இன்னும் சுவையானது. இவ்வசதி இருந்தால், இடையில் எந்தப் பொதிகள் வந்தன என்பதைப் பெறுநர் தனித்தனியாகச் சொல்லலாம். 2001இல் சோதித்த 4,550 வழங்கிகளில் சுமார் 41 விழுக்காடு இவ்வசதி உண்டு என்று அறிவித்தன. ஆயினும் அவ்வாறு அறிவித்தவற்றுள் குறிப்பிடத்தக்க பகுதி, பெறுநர் தந்த தகவலைப் பயன்படுத்தவே இல்லை. வழங்கி தன்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்வதோடு நிறுத்தியிருந்தால் இது வெளிப்பட்டிருக்காது. 2004இல் ஆல்பெர்ட்டோ மெடினா, மார்க் ஆல்மன், சாலி ஃபிளாய்டு ஆகியோர் 84,394 வழங்கிகளைச் சோதித்தபோது வசதியை அறிவித்தவை சுமார் 68 விழுக்காடாக உயர்ந்திருந்தன.

இடைப்பெட்டிகள்

வழங்கியைச் சோதிக்கப் போய் வழியில் உள்ளவற்றின் குறைகள் வெளிப்பட்டதும் உண்டு. நெரிசலின்போது பொதிகளைக் கைவிடாமல் அவற்றின்மீது குறியிட்டுத் தெரிவிக்கும் வெளிப்படை நெரிசல் அறிவிப்பு என்னும் வசதி, ஆர்.எஃப்.சி 3168 மூலம் 2001இல் தரமாக்கப்பட்டது. இதற்குப் பொதித் தலைப்பில் அதுவரை பயன்படாதிருந்த இரண்டு பிட்டுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. சில தீயரண்கள் அப்பிட்டுகளைக் கண்டதும் தாக்குதல் என்று கருதி இணைப்பை மறுத்தன. 2000இல் சோதித்த 24,030 வழங்கிகளில் சுமார் 9 விழுக்காட்டுடன், இவ்வசதியைக் கேட்டால் இணைப்பே கிடைக்கவில்லை. வசதியை ஏற்றவை 1.1 விழுக்காடு மட்டுமே. 2004இல் இணைப்பு மறுத்தவை 1 விழுக்காடாகக் குறைந்தன, ஏற்றவை 2.1 விழுக்காடு ஆயின. முரட்டுத்தனமான தீயரண்களைப் பற்றிச் சாலி ஃபிளாய்டு 2002இல் ஆர்.எஃப்.சி 3360 என்னும் தனி ஆவணமே எழுதினார்.

சோதனை எங்கிருந்து செய்யப்படுகிறது என்பதும் முடிவைத் திருப்பிவிடும். ஒரு தொழிற்சாலையின் உள்வலையில் பதிலாள் வழங்கி இருந்தால், டிசிபி இணைப்பு அதனுடனேயே முடிந்துவிடும். உள்ளிருந்து சோதிப்பவர் வெளிநாட்டு வழங்கியை அளப்பதாக எண்ணிக்கொண்டு, தம் தொழிற்சாலையின் பெட்டியையே அளந்துகொண்டிருப்பார். உள்ளடக்க வழங்கல் வலையமைப்புகளாலும் இதே நிலை ஏற்படும். பெயர் தொலைதூர நிறுவனத்துடையது, பதில் தருவது அருகிலுள்ள நகரத்தின் வழங்கி.

பிற்காலக் கணக்கெடுப்புகள்

டிபிட்டின் காலத்தில் இருந்த வகைகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்னர் அதிவேக இணைப்புகளுக்கான புதிய வழிமுறைகள் வந்தன. லினக்சு 2006இல் வந்த 2.6.19 பதிப்பிலிருந்து கியூபிக் வழிமுறையை இயல்பிருப்பாகக் கொண்டது. மைக்ரோசாஃப்ட் காம்பவுண்டு டிசிபியை உருவாக்கியது. இவை இழப்பிற்குப் பின் சாளரத்தை எந்த வளைவில் வளர்க்கின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன. எனவே வளைவையே பதிவு செய்து ஒப்பிட வேண்டியதாயிற்று. நெப்ராசுகா–லிங்கன் பல்கலைக்கழகத்தினர் 2011இல் வெளியிட்ட காய் என்னும் கருவி இதைச் செய்தது. மக்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் 5,000 வழங்கிகளில் 44.51 விழுக்காடு பிக் அல்லது கியூபிக் வகை என்றும், பழைய ரீனோ சுமார் கால் பங்குக்குள் சுருங்கிவிட்டது என்றும் அவர்கள் கண்டனர்.

2016இல் கூகுள் அறிமுகப்படுத்திய பி.பி.ஆர். வழிமுறை இப்போக்கையே மாற்றியது. அது இழப்பை நெரிசலின் அடையாளமாகக் கொள்வதில்லை. பாதையின் கொள்ளளவையும் போய்வரும் நேரத்தையும் மதிப்பிட்டு அதற்கேற்ப அனுப்புகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆயுஷ் மிஸ்ரா, பென் லியோங் உள்ளிட்டோர் உருவாக்கிய கோர்டன் என்னும் கருவி, தன் அருகிலேயே செயற்கையாக ஒரு குறுகிய பாதையை அமைத்து, அதில் இழப்பையும் தாமதத்தையும் வேண்டியவாறு மாற்றி, வழங்கியின் சாளரத்தைச் சுற்றுக்குச் சுற்று அளந்தது. 2019இல் வெளியான முடிவின்படி, முன்னணி 20,000 வலைத்தளங்களில் சுமார் 36 விழுக்காடு கியூபிக், 22 விழுக்காடு பி.பி.ஆர். அல்லது அதன் வேறுபாடு. தளங்களின் எண்ணிக்கையில் இரண்டாமிடம் என்றாலும், மொத்தத் தரவின் அளவில் பி.பி.ஆரின் பங்கு 40 விழுக்காட்டுக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. எந்த ஆவணத்திலும் இல்லாத வகைகளும் தென்பட்டன. அதே குழுவினரின் நெபி என்னும் கருவி 2024இல் வெளியானது. யுடிபியின் மேல் இயங்கும் குவிக் நெறிமுறையையும் அது ஆராய்கிறது.

இந்த எண்கள் வெறும் புள்ளிவிவரம் அல்ல. கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் காட்டியபடி, முதல் பதிப்புப் பி.பி.ஆரின் ஒரே ஓட்டம், 16 கியூபிக் ஓட்டங்களுடன் ஓர் இணைப்பைப் பகிரும்போதும் கொள்ளளவில் சுமார் 40 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளக்கூடும். சமமாகப் பகிர்ந்தால் 17இல் ஒரு பங்கு, அதாவது 6 விழுக்காட்டுக்கும் குறைவே கிடைக்க வேண்டும். எஞ்சிய 16 பேருக்கும் இணைப்பு "மெதுவாக" இருக்கும்; காரணம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. 2024 ஆகத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. பலர் ஒரே இணைப்பைப் பகிரும் இத்தகைய விடுதிகளில், ஒருவரின் நிகழ்படம் மற்றொருவரின் தேர்வு விண்ணப்பப் பக்கத்தை எவ்வளவு தாமதப்படுத்தலாம் என்பதை எங்கோ உள்ள இரண்டு வழங்கிகளின் வழிமுறைகளும், நடுவே உள்ள திசைவியின் வரிசை ஏற்பாடும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

தமிழ்நாட்டிலும் அண்டையிலும்

திருப்பெரும்புதூர்–ஒரகடம் பகுதி இணைப்பின் முனைகளை உற்பத்தி செய்யும் இடம். நோக்கியாவின் கைபேசித் தொழிற்சாலை இங்கு 2006 முதல் 2014 வரை இயங்கியது. ஃபாக்ஸ்கான் நிறுவனம் ஐபோன்களை இங்கு உருவாக்குகிறது. நோக்கியாவின் தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான தனித் தொழிற்சாலையும் இப்பகுதியில் உள்ளது. மேற்கூறிய சோதனைகள் வழங்கியை மட்டுமே அளப்பவை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. ஒரு கைபேசியிலிருந்து ஒளிப்படம் பதிவேற்றப்படும்போது அனுப்புநர் கைபேசியே. அப்போது நடப்பது அதன் இயங்குதளத்தில் உள்ள வழிமுறை. கைபேசி நிறுவனங்களின் முகவரி மாற்றிகளுக்குப் பின்னால் இருப்பதால் அதனை வெளியிலிருந்து யாரும் இவ்வாறு கேட்டறிய முடிவதில்லை. கணக்கெடுப்புகளில் காணும் விழுக்காடுகள் இணையத்தின் ஒரு திசையை மட்டும் காட்டுகின்றன.

இத்தடத்துக்கு அருகே, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கௌரவ் ரெய்னா, கே. கிரிதர் முதலானோர் காம்பவுண்டு டிசிபியின் நிலைப்புத்தன்மையைக் கணித முறையில் ஆராய்ந்துள்ளனர். திசைவிகளின் இடைத்தாங்கி அளவும் வரிசை மேலாண்மையும் எவ்வாறு அமைந்தால் ஓட்டம் ஊசலாடாமல் இருக்கும் என்பது அவர்களது வினா. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் காம்பவுண்டு டிசிபி 10 முதல் 19 விழுக்காடு வழங்கிகளில் காணப்பட்டது இவ்வாராய்ச்சியின் பொருத்தத்தைக் காட்டுகிறது. பின்னர் விண்டோசும் தன் 2019 வழங்கிப் பதிப்பில் கியூபிக்கை இயல்பிருப்பாக்கியது. கருநாடகத்தின் சூரத்கல் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் மோகித் தகிலியானியும் மாணவர்களும் எழுதிய எஃப்.கியூ–பை என்னும் வரிசை மேலாண்மை நிரல் 2020இல் லினக்சு 5.6 பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஓட்டங்களைத் தனித்தனி வரிசைகளில் வைப்பதால், அடக்கமற்ற ஓர் அனுப்புநரால் பிறருக்கு நேரும் பாதிப்பு குறைகிறது.

சோதனை நெறி

அறிமுகமற்ற வழங்கியிடம் பக்கம் கேட்டுவிட்டு ஒப்புகையை நிறுத்திவைப்பது, அதன் நிருவாகிக்குத் தாக்குதலின் தொடக்கம் போலவே தோன்றும். ஆகவே ஒரு வழங்கிக்குச் சில இணைப்புகள் மட்டும், அவையும் இடைவெளி விட்டு ஏற்படுத்தப்படுகின்றன. சோதனைக் கணினியின் முகவரியில் ஆய்வின் நோக்கத்தை விளக்கும் ஒரு பக்கமும், விலக்கிக்கொள்ள விரும்புவோர் தொடர்பு கொள்ளும் வழியும் தரப்படுவது வழக்கம். கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர் பிறருடைய வழங்கியைத் தொடவே தேவையில்லை. இரண்டு லினக்சு கணினிகளை இணைத்து, நடுவே செயற்கையாக இழப்பையும் தாமதத்தையும் உண்டாக்கும் நெட்டெம் வசதியைப் பயன்படுத்தி, ஒரு முனையின் வழிமுறையை ரீனோ, கியூபிக், பி.பி.ஆர். என மாற்றி மாற்றி, மறுமுனையில் டிசிபிடம்ப் கொண்டு பொதிகளைப் பதிவு செய்யலாம். 13ஆம் பொதியைத் தொலைத்தபின் 17ஆம் பொதி இரண்டாம் முறை வருகிறதா என்பதை அந்தப் பதிவிலேயே காணலாம்.